ஆறினால் போச்சு

மீன்குழம்பை மறுநாள்தான் சாப்பிடவேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். புளி இறங்கவேண்டும், மிளகாய் அடங்கவேண்டும், மீன் குழம்பை இழுத்துக்கொள்ளவேண்டும். அதற்கெல்லாம் ஒரு ராத்திரி ஆகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த நாக்கோடு சிங்கப்பூர் வந்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழே இருந்த காப்பிக்கடையில் முதன்முதலாக ஹோர் ஃபன் நூடுல்ஸ் தட்டு முன்னால் உட்கார்ந்தேன். தட்டு வந்த பிறகும் நண்பரோடு பேச்சை விடவில்லை. வைத்துவிட்டுப் போன ஆன்ட்டி திரும்பி வந்தார். தட்டை என் பக்கம் ஓரங்குலம் நகர்த்தி, “மக்கான், மக்கான்!” என்று அதட்டிவிட்டுப் போனார். மலாயில் ‘சாப்பிடு’ என்று அர்த்தம். அவர் அதட்டியது நியாயம்தான் என்று விளங்க எனக்குச் சில வருஷம் பிடித்தது.

காப்பிக்கடைக்குள் இருக்கும் இந்த மாதிரிச் சமையல் கடைக்கு இங்கே ஸீ சார் என்று பெயர். சமைப்பது, வறுப்பது என்ற இரண்டு வினைகளைச் சேர்த்த ஹொக்கியன் சொல். மலேசியாவில் இதையே தாய் சாவ் என்பார்கள். கோழிச்சோற்றுக் கடைக்காரர் கோழிச்சோறு விற்பார், மீ கடைக்காரர் மீ விற்பார். ஸீ சார் கடையின் பலகையிலோ ஐம்பது அறுபது அயிட்டம் படத்தோடு தொங்கும். அதில் ஒன்றுகூடத் தயாராக இருக்காது. நாம் சொன்ன பிறகுதான் சட்டி அடுப்பேறும். சட்டை போடாத மேசை, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, மெலமின் தட்டு, குளிர்சாதனத்துக்குப் பதில் சுவரில் சுழலும் காற்றாடி. தண்ணீருக்கும் டீக்கும் வேறு கடை, வேறு காசு. ஈரத்தாள் பாக்கெட்டை உரித்தால் அதற்கும் ஒரு சில்லறை பில்லில் ஏறும். இவற்றையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பணம் முழுவதும் அடுப்புக்குத்தான் போகிறது என்பதற்கு இவைதான் அத்தாட்சி.

ஸீ சார் கடையில் நான் முதலில் தேடுவது அடுப்பு தெரிகிற மேசையை. வீட்டு அடுப்போடு அதை ஒப்பிடமுடியாது. விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல். தீயைக் கூட்டக் குறைக்க முழங்காலால் தள்ளும் நெம்புகோல் உண்டு, இரண்டு கையும் சட்டிக்கு வேண்டுமே. பின்னால் ஒரு குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அடுப்பு மேடையைக் குளிரவைப்பதும் அதுதான், சட்டியைக் கழுவுவதும் அதுதான்.

ஹோர் ஃபன் ஒன்று உருவாவதைப் பாருங்கள். வெறும் சட்டி புகையும்வரை காயும். ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றிச் சட்டி முழுக்கச் சுழற்றி, அதைத் திரும்பக் கொட்டிவிடுவார் சமையல்காரர். அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய். அகலமான அரிசி நாடாக்கள் விழும், கறுப்பு சோயா ஒரு சுற்று. இந்த இடத்தில் அவர் ஒன்றும் செய்யமாட்டார். நாலைந்து விநாடி சும்மா நிற்பார். கற்றுக்குட்டிக்கு வராதது இந்தச் சும்மா நிற்பதுதான். பயந்துபோய்க் கிளறினால் நாடா உடையும், ஓரம் கருகாது. பிறகு இரண்டு வீச்சு, மூன்று வீச்சு, தட்டில் கவிழ்ப்பு. சட்டிக்குள் தண்ணீர், மூங்கில் துடைப்பத்தால் இரண்டு தேய்ப்பு, சாக்கடையில் சாய்ப்பு. அதே சட்டியில் பூண்டு, ஏற்கனவே எண்ணெயில் ஒரு முக்கு முக்கி எடுத்த இறாலும் மீன்துண்டும், சூப்புத் தண்ணீர், கரைத்த மாவு. முழங்கால் தீயை அணைக்கும். அணைந்த பிறகுதான் முட்டை. கரண்டியால் ஒரே ஒரு கலக்கு. முட்டை வெந்தும் வேகாமலும் நூல் நூலாக ஓடும்போது நாடாவின் மேல் ஊற்றி மணி அடிப்பார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் இருக்கும்.

அந்த வீச்சைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இருவர், தொழில்முறைச் சமையல்காரர்கள் ஐந்து பேர் சோறு வறுப்பதைப் படம்பிடித்துக் கணக்குப் போட்டு 2020இல் வெளியிட்டார்கள். ஒரு வீச்சுக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். சட்டியை முன்னும் பின்னும் தள்ளுவது ஒரு அசைவு, அடுப்பின் விளிம்பில் ஊன்றி ஏற்றப்பலகை மாதிரி ஆட்டுவது இன்னொன்று. இரண்டும் ஒரே லயத்தில் சேரும்போது சோறு எழும்பி வளைந்து திரும்பவும் சட்டியிலேயே விழுகிறது. எழும்பிய சோறு ஒரு நொடி ஆறுகிறது, விழுந்ததும் மறுபடி சுடுகிறது. அவ்வளவு சூட்டிலும் கருகாமல் சிவப்பது அதனால்தான்.

அந்த வீச்சில் எண்ணெய்த் துளிகளும் சேர்ந்து பறக்கும். சட்டியின் விளிம்பைத் தாண்டித் தீ எட்டிப்பார்த்து அவற்றைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை மணத்துக்குக் கான்டனீஸில் ‘வோக் ஹேய்’ என்று பெயர், சட்டியின் மூச்சு. நம் சமையலில் அதற்குப் பக்கத்தில் வருவது தாளிப்பு ஒன்றுதான். கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழுந்ததும் ஒரு மணம் எழுமே, அது. ஆனால் நமக்குத் தாளிப்பு குழம்பின் மேலே ஒரு பொட்டு. இவர்களுக்குப் பதார்த்தம் முழுவதுமே தாளிப்பு. அதனால்தான் அதன் ஆயுளும் குறைச்சல். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் ஏழு. வீட்டுக்குக் கட்டி எடுத்துப் போகலாம், இங்கே ‘தாப்பாவ்’ என்பார்கள். பொட்டலத்துக்குள் ஆவி வியர்த்து மூச்சு போய், வீட்டில் பிரிப்பது வேறொரு பதார்த்தம்.

ஒரு கடையைச் சோதிக்க நண்டு வேண்டாம், மிளகாய் விழுதில் புரட்டிய சம்பால் கங்கோங் போதும். சாதாரணக் கீரை, மலிவான தட்டு. தண்டு கடித்தால் ‘நறுக்’ என்னவேண்டும், இலை துவண்டிருக்கவேண்டும், பெலாச்சான் இறால் வாசனை மூக்கில் ஏறவேண்டும், முக்கியமாகத் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்கினால் தீ போதவில்லை, அல்லது அடுப்படியில் நிற்பவருக்கு இன்று மனசு சரியில்லை. கத்தரிக்காய், வெண்டைக்காய், பயற்றங்காய் எல்லாம் சம்பாலில் புரட்டி ஒன்றாக வருகிற தட்டும் அப்படித்தான். நம் காய்கள்தான், ஆனால் கத்தரிக்காயின் ஊதா அப்படியே இருக்கும். கொதிக்கும் எண்ணெயில் முன்கூட்டியே போட்ட ஒரு முக்கு அந்த நிறத்தைக் காப்பாற்றுகிறது. சீரியல் இறால் எனக்கு ஒத்துவராது. இனிப்பு மாவு உமி மாதிரி மேலே குவிந்துகிடக்கும். அதில் பொரிந்திருக்கும் கறிவேப்பிலையை மட்டும் பொறுக்கித் தின்பேன். எங்கள் சரக்கு எங்கள் வாய்க்கு.

சமைப்பதில் பாதிக் கலை என்றால், கேட்டு வாங்குவதில் மீதிக் கலை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு, மூன்று விலை. எல்லாம் நடுவில் வரும், அவரவர் கிண்ணத்தில் வெள்ளைச் சோறு. சாஸ் ஊற்றிய தட்டு இரண்டு வாங்கினால் மூன்றாவது மொறுமொறுப்பாக இருக்கவேண்டும், இறால் விழுதில் ஊறவைத்துப் பொரித்த கோழி மாதிரி. காரம் ஒன்று இருந்தால் பக்கத்தில் வழுவழுவென்று டோஃபு. எங்கள் குடும்பத்தில் கணக்கு இன்னும் சிக்கல். அத்தைக்கு மாடு ஆகாது, தம்பிக்குப் பன்றி இல்லாமல் ஆகாது. அந்தத் தட்டு மேசையின் மறுகோடியில் இருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் அத்தையை அழைத்துப் போவதே பாவம். கீரையில்கூட இறாலோ சிப்பிச் சாஸோ ஒளிந்திருக்கும்.

பழைய தலைமுறை ஆன்ட்டிகள் எங்களைப் பார்த்ததும் மலாய்க்கு மாறுவார்கள். “பெராப்பா ஓராங்?” எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, நான் நடுத்தரம் என்றால் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, சின்னது போதும் என்று விரலைக் குவித்துக் காட்டுவார்கள். கூடுதலாக விற்கத்தானே பார்க்கவேண்டும் என்று திருச்சியிலிருந்து வந்திருந்த மச்சான் ஆச்சரியப்பட்டார். அதே மச்சான் அடுத்த வாரம் வேறொரு கடையில், விலைப் பலகையில் ‘சீசனல் ப்ரைஸ்’ என்று மட்டும் போட்டிருந்ததைக் கவனிக்காமல் இரண்டு நண்டு சொன்னார். பில்லைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகும்வரை தயிர்சோறுதான் சாப்பிட்டார்.

மிளகாய் நண்டைச் சொல்லாமல் விடமுடியாது. 1950களில் காலாங் பக்கம் தள்ளுவண்டியில், தக்காளி சாஸும் மிளகாயும் சேர்த்து நண்டு விற்ற செர் யாம் தியென் என்ற பெண்மணியிடம் தொடங்கிய பதார்த்தம் அது. 1960களில் ஹூய் கொக் வாய் என்ற சமையல் வல்லுநர் சம்பாலும் முட்டையும் சேர்த்து இன்றைய கெட்டிக் குழம்பாக்கினார். சீன இரும்புச்சட்டி, மலாய்ச் சம்பால், போத்தல் தக்காளி சாஸ். எந்தச் சீன ஊரிலும் பிறந்திருக்காது.

மீன்தலைக் கறி வந்த வழி இன்னும் விசேஷம். 1949இல் சோஃபியா ரோட்டில் கடை போட்ட எம்.ஜே. கோமெஸ் என்ற கேரளக்காரர், சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்புவதைக் கண்டு அதைக் குழம்பில் போட்டார். சீனக் கடைகள் அதை வாங்கித் தங்கள் மண்சட்டிக்கு மாற்றின. இன்று ஸீ சார் கடையில் புளி தூக்கலாக, வெண்டைக்காய், கத்தரிக்காய், பொரித்த டோஃபு மிதக்க, கொதித்தபடியே மேசைக்கு வருகிறது. தேங்காய்ப்பால் கொஞ்சம், காரம் கொஞ்சம். எங்கள் அத்தை முதல் தடவை ஒரு கரண்டி ருசித்துவிட்டு, “வெந்தயம் போடலியே இவன்” என்றார். அப்புறம் மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

போன மாதம் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குப் பத்துப் பேராகப் போயிருந்தோம். கண் பசியில் அதிகம் சொல்லிவிட்டோம். அத்தை எதையும் வீணாக்க விடமாட்டார். நாலு டப்பா தாப்பாவ். மறுநாள் காலை பசியாறும் நேரத்தில் குளிர்பெட்டியிலிருந்து வரிசையாகத் திறந்தார். ஹோர் ஃபன் பசைக்கட்டியாகி டப்பாவின் வடிவத்திலேயே நின்றது. கங்கோங் கறுத்துப்போயிருந்தது. கோழியின் மொறுமொறுப்பு நமுத்துவிட்டது. மூன்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு மீன்தலைக் கறியை மட்டும் சுடவைத்தார். இடியாப்பத்தில் ஊற்றி ஒரு வாய் வைத்தவர், என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை.”