டே பாலமும் ஒரு மோசமான கவிஞரும்

மோசமான கவிதைகள் பெரும்பாலும் ஓசையில்லாமல் செத்துவிடுகின்றன. டண்டீ நகரத்துக் கைத்தறி நெசவாளி வில்லியம் மெக்கோனகலுடையவை சாகவில்லை. 1902-ல் அவர் இறந்த பிறகும் அச்சில் இருக்கின்றன. டே நதியின் ரயில் பாலத்தைப் புகழ்ந்து பாடினார். 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் அது ரயிலோடு விழுந்தது. ரயிலிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்கும் ஒரு பாட்டு. பின்னர் புதுப் பாலம் வந்ததும் அதற்கும்.

விபத்துப் பாட்டில் இயைபு கிடைக்கும்வரை வரி நீண்டுகொண்டே போகிறது. சந்தம் என்று எதுவும் மிஞ்சவில்லை. முடிவில், துக்கத்தின் நடுவே, பக்கவாட்டில் முட்டுக் கொடுத்துக் கட்டியிருந்தால் விழுந்திருக்காது என்று பொறியியல் ஆலோசனை வேறு. இந்த இடத்தில் சிரிக்காதவர் இல்லை. நானும்தான். (1880-ல் வந்த விசாரணை அறிக்கையும் பாலத்தின் அமைப்பைத்தான் குறை சொன்னது.)

சிரிப்பு மட்டும் என்றால் ஒரு தடவையோடு தீர்ந்திருக்கும். என்னைத் திரும்ப இழுப்பது, இந்த மனிதருக்குத் துக்கத்தை அழகுபடுத்தத் தெரியாதது. இறந்தவர் 90 என்கிறார். பிந்திய கணக்குகள் எவையும் 75-ஐத் தாண்டவில்லை. தப்பான எண்ணையும் விட்டுவிட அவருக்கு மனமில்லை. பழுதற்ற யாப்பில் நான் படித்த எத்தனையோ இரங்கற்பாக்களில், செத்தவர் யார் என்பதே தெரிவதில்லை.