மனிபால்: ஸ்கவுட்டுக்குச் சேராத பேர்

மைக்கேல் லூயிஸின் 'மனிபால்' (2003) விறுவிறுப்பான புத்தகம்தான். 2002-இல் ஓக்லாண்ட் பேஸ்பால் அணியின் சம்பளச் செலவு சுமார் 4 கோடி டாலர். யாங்கீஸுக்கு 12 கோடிக்கு மேல். ரெண்டு அணியும் ஜெயிச்சது தலா 103 ஆட்டம். எல்லாம் புள்ளிவிவரத்தின் மகிமைன்னு நம்ப வைக்கிறார் லூயிஸ். ஊர் ஊராய்ப் போய் ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் கேலிப்பொருள் ஆகிறார்கள்.

ஆனா அந்த வருஷம் அமெரிக்கன் லீக்கின் சிறந்த வீரர் ஓக்லாண்டின் மிகேல் தெஹாதா. 1993-இல் டொமினிகன் குடியரசில் ஒப்பந்தமான பையன். அந்த வயசில் அவனுக்கு ஏது புள்ளிவிவரம்? ஆளைப் பார்த்துத்தான் எடுத்தாங்க. மேஜர் லீக்கில் முதல் ஆறு வருஷம் வீரர் இஷ்டப்படி அணி மாற முடியாது. அதனால்தான் ஏழை அணிக்குக் கட்டுப்படியாச்சு. 2003 முடிந்ததும் 7.2 கோடி டாலர் கொடுத்து பால்டிமோர் கூட்டிக்கொண்டு போனது. பட்ஜெட் பற்றிய புத்தகத்தில் இந்தக் கணக்குதானே முதலில் வந்திருக்கணும்?