வெள்ளிக்கிழமை மாலையின் வரலாறு: தூர்தர்ஷன் காலமும் தமிழ்ப் பார்வையாளரின் நினைவேக்கமும்

ஒரு காலத்தில் விரும்பிப் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சியையும், அதைப் பார்த்த வீட்டையும் வேளையையும் இனித் திரும்பப் பெற முடியாதவை என்று உணர்ந்தபடியே மனம் அவற்றை நாடிச் செல்வதைத் தொலைக்காட்சி நினைவேக்கம் எனலாம். ஆங்கிலத்தில் இது ஊடக ஆய்வின் தனிக் கிளையாக வளர்ந்துவிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த ஏமி ஹோல்ட்ஸ்வொர்த் 2011இல் வெளியிட்ட நூல் முழுவதும் தொலைக்காட்சி, நினைவு, நினைவேக்கம் ஆகியவற்றின் உறவைப் பற்றியதே. தமிழிலோ இந்த நினைவேக்கம் ஞாயிறு இணைப்புகளிலும் ஆண்டுவிழா மலர்களிலும் ஏராளமாக எழுதப்பட்டிருந்தும் ஆய்வுப் பொருளாக அரிதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. இந்தியத் தொலைக்காட்சி குறித்து நடந்துள்ள முக்கியமான ஆய்வுகளைத் தமிழ்ப் பார்வையாளரின் நினைவோடு சேர்த்துப் படித்தால், ஏங்கப்படுவது நிகழ்ச்சியைவிட அந்த நிகழ்ச்சி ஒழுங்குபடுத்தித் தந்த பொதுவான காலமே என்பதும், அந்தக் காலத்துக்கு வேறு பதிவுகள் குறைவாக இருப்பதால் தனிமனித நினைவே இன்று ஆவணக் காப்பகத்தின் பொறுப்பைச் சுமந்து நிற்கிறது என்பதும் புலப்படும்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தொலைக்காட்சி வானொலி நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பாயிற்று. 1982இல் வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சி வரிசையும் தொடங்கின. அதன்பின் நாடெங்கும் குறைந்த திறன் அலைபரப்பிகள் விரைந்து நிறுவப்பட்டதால் சிறு நகரங்களின் கூரைகளிலும் ஆண்டெனாக்கள் எழுந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கும்வரை தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழில் கிடைத்தது தூர்தர்ஷன் மட்டுமே. தென்மாவட்டங்களின் நிலை சற்று வேறு. 1982 பிப்ரவரியில் கொழும்பில் தொடங்கிய ரூபவாகினியின் அலைகள் கடல் தாண்டி வந்ததால், உயரமான ஆண்டெனாவும் பூஸ்டரும் வைத்திருந்த கரையோர வீடுகளில் சென்னைக்கு முன்பே இலங்கை தெரிந்தது. இன்று ஐம்பதைக் கடந்த தென்மாவட்டத்தவர் ஒருவரின் தொலைக்காட்சி நினைவும் அவருடைய வயதொத்த சென்னைவாசியின் நினைவும் ஒன்றல்ல என்பதைத் ‘தமிழர் நினைவு’ என்று பொதுவாக எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

ஒற்றை அலைவரிசையின் காலம் வாரத்துக்கு ஓர் உருவம் கொடுத்தது. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை தமிழ்த் திரைப்படம், புதன்கிழமை ‘சித்ரஹார்’, பார்வையாளர் கடிதங்களுக்கு நிலையமே பதில் சொல்லும் ‘எதிரொலி’ என்று ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியால் அடையாளம் பெற்றது. திரைப்பாடல்களைக் காட்சியோடு பார்க்கத் திரையரங்கைத் தவிர வேறு வழியில்லாதிருந்த நாளில், அரை மணி நேரத்தில் ஐந்தாறு பாடல்களை வீட்டுக்குள் கொண்டுவந்த ‘ஒளியும் ஒலியும்’ பெற்ற இடத்தை அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது, ஏனெனில் அதே பாடல்கள் இன்று எந்த நேரமும் கைபேசியில் கிடைத்தும் எவரும் அவற்றுக்காக ஒரு வேளையை ஒதுக்கி வைப்பதில்லை. ஞாயிறு பிற்பகலின் மாநில மொழித் திரைப்பட வரிசையும் இத்தகையதே. செவித்திறன் குறைந்தோருக்கான செய்திகளுக்குப் பின் தொடங்கிய அந்த வரிசையில் தமிழின் முறை வரும்வரை அசாமியப் படத்தையும் ஒரிய படத்தையும் ஆங்கில எழுத்துகளின் துணையோடு பார்த்த தலைமுறை, வேறெவ்வகையிலும் அறிந்திருக்க வாய்ப்பில்லாத இயக்குநர்களை அறிந்தது. காத்திருப்பு அந்த நிகழ்ச்சிகளின் உறுப்பாகவே இருந்தது. அலைபரப்பு அறுந்தபோது தோன்றிய ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டைகூட நிகழ்ச்சிகளுக்கு இணையாக நினைவுகூரப்படுவதற்குக் காரணம் இதுவே.

இந்த இடத்தில் பிரிட்டானிய விமரிசகர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் முன்வைத்த ‘ஓட்டம்’ என்ற கருத்து உதவும், ஆனால் அப்படியே பொருந்தாது. தொலைக்காட்சியின் அனுபவம் தனித்தனி நிகழ்ச்சிகளால் ஆனதல்ல, ஒன்றோடொன்று கலந்து இடைவிடாமல் செல்லும் ஓட்டத்தால் ஆனது என்பது அவர் கண்டது. அமெரிக்க வணிக அலைவரிசையைப் பார்த்து அந்த முடிவுக்கு அவர் வந்தார். ஒரு நாளின் சில மணி நேரம் மட்டும் இயங்கி, முகப்பிசையோடு தொடங்கி முடிந்த சென்னை நிலையத்தில் ஓட்டத்தைவிட இடைவெளியே மிகுதி. அதனால் தமிழ்ப் பார்வையாளரின் நினைவில் நிகழ்ச்சிகள் கரைந்துபோகாமல், ஒவ்வொன்றும் தன் கிழமையோடும் தன் வேளையோடும் தனித்து நிற்கின்றன.

உளவியலாளர் இதற்கு வேறொரு விளக்கம் தருவர். நடுவயதைக் கடந்தவர்களை வாழ்க்கை நிகழ்வுகளை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயதுக்குட்பட்ட காலத்தின் நினைவுகளே அளவுக்கு மீறித் திரண்டு வரும். நினைவுப் புடைப்பு என்று சொல்லத்தக்க இந்தப் போக்கின்படி, ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் பதின்பருவத் தொலைக்காட்சியே பொற்காலத் தொலைக்காட்சி. ‘மர்மதேசம்’ தொடரை நினைத்து ஏங்குவோரும், ‘மெட்டி ஒலி’ தொடரின் முகப்புப் பாடலைக் கேட்டுக் கலங்குவோரும் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்கள் என்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும் எந்த வயதின் நினைவு தங்கும் என்பதை இவ்விளக்கம் சொல்கிறதே தவிர, அந்த நினைவைக் கொண்டு ஒரு சமூகம் என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதற்குப் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் செய்த பாகுபாடே பயன்படுகிறது. இழந்ததை அப்படியே மீட்டு நிறுவ முயலும் ஏக்கத்தை மீட்பு ஏக்கம் என்றும், இழப்பை ஏற்றுக்கொண்டு அதன்மீது நின்று எண்ணிப்பார்க்கும் ஏக்கத்தைச் சிந்தனை ஏக்கம் என்றும் தமிழில் சொல்லலாம். முன்னது தன்னை நினைவேக்கம் என்றே அறிவதில்லை என்றும், உண்மை என்றும் மரபு என்றும் கருதிக்கொள்கிறது என்றும் பாய்ம் எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை இந்தியத் தொலைக்காட்சிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்கு ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரே சான்று. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை 78 பகுதிகளாக வந்த இத்தொடரை ஆராய்ந்த பிலிப் லுட்கெண்டார்ஃப், பெட்டிக்கு மாலையிட்டுப் பொட்டு வைத்துப் பார்த்தவர்களின் செயலை மூடத்தனம் என்று ஒதுக்காமல், கதாகாலட்சேபமும் ராமலீலையும் வளர்த்த பழைய பார்க்கும் முறையின் தொடர்ச்சியாகக் கண்டார். அரவிந்த் ராஜகோபால் 2001இல் வெளியான தம் நூலில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்: நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே தொடரைப் பார்த்த கூட்டம் உருவானது, அதுவரை இல்லாத ஒரு பொதுவெளியைத் திறந்தது, இந்து தேசிய அரசியல் அந்த வெளியைத் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது. இரண்டு வாதங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆனால் இன்றைய நினைவேக்கம் லுட்கெண்டார்ஃப் சொன்ன பக்தியை மட்டும் வைத்துக்கொண்டு ராஜகோபால் சொன்ன அரசியலைக் கைவிட்டுவிட்டது என்பது வருத்தத்துக்குரியது. அதனினும் வருத்தம், அந்தத் தொடரைச் சுற்றி எழுந்த மக்கள் கோரிக்கைகள் மறக்கப்பட்டது. தொடர் பட்டாபிஷேகத்தோடு முடியவிருந்தபோது, வால்மீகியைத் தம் முன்னோராகக் கொண்ட துப்புரவுத் தொழிலாளர்கள் பஞ்சாபின் ஜாலந்தரில் வேலைநிறுத்தம் செய்து, வால்மீகி இடம்பெறும் உத்தரகாண்டமும் படமாக்கப்பட வேண்டும் என்று கேட்டனர்; கோரிக்கை ஏற்கப்பட்டது. ‘அமைதியாக ஒன்றுகூடிப் பார்த்த காலம்’ என்று இன்று பேசப்படும் காலத்தில், திரையில் தம் முன்னோருக்கு இடம் கேட்டு ஒரு சமூகம் தெருவுக்கு வந்திருக்கிறது.

2020 மார்ச் 28 அன்று பொதுமுடக்கத்தின் தொடக்கத்தில் ‘ராமாயண்’ மீண்டும் ஒளிபரப்பானது. ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. இடையில் பழைய தொடர்களுக்கென்றே ‘டி.டி. ரெட்ரோ’ என்ற அலைவரிசையும் வந்தது. சன் டி.வி.யில் ‘மெட்டி ஒலி’ திரும்ப வந்ததும் அதே காலத்தில்தான். இவற்றைப் பழமையை நோக்கிய மக்கள் எழுச்சியாக மட்டும் படிப்பது முழுமையான வாசிப்பாகாது. படப்பிடிப்புகள் நின்று புதிய பகுதிகள் கைவசம் இல்லாமற்போன அலைவரிசைகளுக்குக் கிடங்கில் இருந்தவையே மூலதனம். எவை கிடங்கில் பாதுகாக்கப்பட்டிருந்தனவோ அவற்றின்மீதே நினைவேக்கமும் படர்ந்தது.

மொழியின் கதை தனி. 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’, கல்வியைக் கேளிக்கையோடு கலக்கும் மெக்சிகோ தொடர்களின் முன்மாதிரியைக் கொண்டு, குடும்பக் கட்டுப்பாடும் பெண்ணுரிமையும் பேச உருவானது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக் குமார் தோன்றித் தொடரின் தலைப்பை வெவ்வேறு இந்திய மொழிகளில் சொல்லி விடைபெறுவார். தொடருக்கு வந்த கடிதங்கள் ஏறத்தாழ 4 லட்சம் எனப் பதிவு செய்த அரவிந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்ஸும், மொழி புரியாத சென்னையில் பார்வையாளர் எண்ணிக்கை விரைவில் சரிந்ததையும் குறிப்பிட்டனர். ஆயினும் இந்தி அறியாத தமிழ் வீடுகளில் ‘புனியாத்’தும் ‘மகாபாரத்’தும் தொடர்ந்து பார்க்கப்பட்டன, முகபாவத்தையும் தெரிந்த கதையையும் கொண்டு பொருள் கூட்டிப் பார்த்தவர்களின் நினைவு, வசனத்தைவிட இசையையும் முகங்களையும் பற்றியதாக இருப்பது இயல்பு. ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் ஆகும்பேயில் படமாக்கிய ‘மால்குடி டேஸ்’ தமிழ் நினைவில் இன்றும் உயிரோடிருப்பதில் எல். வைத்தியநாதனின் முகப்பிசைக்குப் பெரும் பங்குண்டு.

தனியார் அலைவரிசைகள் வந்தபின் தமிழ்த் தொடர் தன் சொந்தக் காலில் நின்றது. நாகா இயக்கத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ வாரத் தொடராக வந்து, வாரம் முழுதும் ஊகிக்க இடம் கொடுத்தது. 1999 இறுதியில் தொடங்கிய ‘சித்தி’யோ நாள்தோறும் வந்து இரவு உணவின் நேரத்தையே மாற்றியது. இந்த மாற்றத்தோடு வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் இருந்த வேறுபாடு தொலைக்காட்சியில் மறைந்தது. வாரத் தொடரை நினைவுகூர்வோர் கதையின் திருப்பங்களைச் சொல்ல, நாள்தொடரை நினைவுகூர்வோர் முகப்புப் பாடலையும் பாத்திரங்களின் பெயர்களையும் சொல்வதற்கு இந்த வேறுபாடே அடிப்படை.

சேர்ந்து பார்த்ததைப் பற்றிய ஏக்கமே இந்த நினைவுகளில் மிக வலியது. மிகக் கவனமாக அணுக வேண்டியதும் அதுவே. சாலிடேர், டயனோரா பெட்டி இருந்த ஒரு வீட்டில் தெருவே கூடியது உண்மை. ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில் யார் அமர்ந்தார்கள், யார் திண்ணையில் நின்றார்கள், யார் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், எந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குச் சிறுவரிடம் காசு வாங்கப்பட்டது என்பவையும் அதே நினைவின் பகுதிகள். ஊராட்சித் தொலைக்காட்சி எந்தத் தெருவில் வைக்கப்பட்டது, அந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது என்பன சாதியைப் பற்றிய கேள்விகள். பெட்டியை உடையவர் எழுதிய நினைவுக்குறிப்பும் சன்னலுக்கு வெளியே நின்றவர் எழுதும் நினைவுக்குறிப்பும் ஒரே ஏக்கத்தைச் சொல்ல முடியாது. 2006க்குப் பின் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகள் சேர்ந்து பார்க்கும் வழக்கத்தை முடித்துவைத்தன என்று குறைப்படுவோர், அடுத்த வீட்டு வாசலில் நிற்க வேண்டியிராத மாலை ஒன்று பல குடும்பங்களுக்கு அப்போதுதான் வாய்த்தது என்பதையும் சேர்த்து எண்ணுவது நியாயம்.

இவ்வளவையும் சரிபார்க்க மூலப் பதிவுகள் வேண்டும். உலகெங்கும் தொடக்ககாலத் தொலைக்காட்சி தன்னைத் தானே அழித்துக்கொண்டது. விலையுயர்ந்த ஒளிநாடாவில் பழையதை அழித்துப் புதியதைப் பதிவது எங்கும் வழக்கம். பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1960களின் 90க்கும் மேற்பட்ட பகுதிகள் இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் ஒலி மட்டும் முழுமையாக இருக்கிறது, ஏனெனில் ரசிகர்கள் வீட்டிலிருந்தபடி ஒலிநாடாவில் பதிந்துவைத்தனர். தூர்தர்ஷனும் இதே பழக்கத்துக்குப் பலவற்றை இழந்தது. தேசிய வரிசையின் பெரிய தொடர்கள் எண்ம வடிவில் காக்கப்பட்டுவிட்ட நிலையில், மாநில நிலையங்கள் அன்றாடம் தயாரித்து ஒருமுறை ஒளிபரப்பியவைதான் நினைவை மட்டும் நம்பி நிற்கின்றன.

அவற்றுள் முதன்மையானது உழவர்களுக்கான ‘வயலும் வாழ்வும்’. அச்சில் வரும் நினைவுகளில் இது பாட்டுக்கும் படத்துக்கும் முன் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்த நிகழ்ச்சி. அப்படி எழுதியவர்கள் அன்று நகரத்துப் பிள்ளைகளாக இருந்தவர்கள், நிகழ்ச்சியோ அவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. 1960களில் தஞ்சைப் பகுதியில் வானொலி வழியாகப் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லுக்கு உழவர்களே ‘ரேடியோ நெல்’ என்று பெயரிட்டதால், வானொலி வயலுக்குள் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு சான்று மிஞ்சியது. தொலைக்காட்சியில் பூச்சிமருந்தின் அளவையும் நாற்றங்கால் முறையையும் பார்த்து எதை ஏற்றார்கள், எதைத் தம் அனுபவத்தால் மறுத்தார்கள், ஊராட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அந்த உழவர்களிடமும், களத்தில் உடன் உழைத்த பெண்களிடமும் கேட்டுப் பதிவு செய்யும் பணி ஆய்வுத் துறையின்முன் இருக்கிறது. 1980இல் 35 வயதில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்த ஒருவர் இன்று 80ஐ எட்டியிருப்பார்.