வட்டி எழுதும் திரைக்கதை

தமிழ்ப் படங்களைப் பற்றி நாம் எழுதும் விமர்சனங்களில் இயக்குநர் வருகிறார், நடிகர்கள் வருகிறார்கள், ஒளிப்பதிவும் இசையும் வருகின்றன. பணம் மட்டும் வருவதில்லை. வந்தாலும் இத்தனை கோடியில் எடுத்தார்கள், இத்தனை கோடி வசூலானது என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பணம் யாருடையது, என்ன விலைக்கு வந்தது, எப்போது திரும்பியாக வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. திரைக்கதையின் முதல் வரி எழுதப்படும் முன்பே ஒரு படத்தின் வடிவத்தைப் பெருமளவு தீர்மானித்துவிடுபவை இந்த மூன்று கேள்விகள்தான் என்பது என் கட்சி.

கோடம்பாக்கத்தில் வட்டியை மாதக் கணக்கில் பேசுவார்கள். 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36. ஒரு கோடி வாங்கி எடுக்கும் படம் வெளிவர இரண்டு ஆண்டுகள் ஆனால், வட்டிக்கு வட்டி போடாமலே 72 லட்சம் ஏறி நிற்கும். சினிமாவைத் தொழிலாக அங்கீகரிப்பதாக இந்திய அரசு 1998இல் அறிவித்தது. அதன் பிறகும், ஈடு காட்ட வீடோ நிலமோ இல்லாத சிறு தயாரிப்பாளருக்குத் தனியார் பைனான்சியரே கதி. ஃபிலிம் காலத்தில் கடன் தீரும்வரை நெகட்டிவ் லேப்பில் பூட்டிக் கிடக்கும். இன்று பூட்டு மட்டும் மாறியிருக்கிறது. படம் மறைகுறியாக்கப்பட்ட கோப்பாகத் திரையரங்குக்குப் போய்விடும். அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி, குறிப்பிட்ட அரங்குக்கும் குறிப்பிட்ட நாட்களுக்கும் மட்டும் செல்லுபடியாகும்படி தனியாக வரும். வெளியீட்டுக்கு முந்தைய இரவு பஞ்சாயத்து முடியவில்லையென்றால் சாவி வராது, காலைக் காட்சி கிடையாது.

இந்தக் கடிகாரம் ஓடும்போது முதலில் வாங்க வேண்டியது நடிகரின் தேதி. நடிகர் பெயரை வைத்துத்தான் என்.எஸ்.சி., கோவை, மதுரை, திருச்சி–தஞ்சை, நெல்லை–குமரி என்று ஏரியா ஏரியாவாக விற்க முடியும். வெளியீட்டுத் தேதியை அதன் பிறகு அறிவிப்பார்கள். கதை கடைசியில் வந்து சேரும். கணினித் துறையில் திட்ட மதிப்பீடு போடுவது என் பிழைப்பு. அங்கே ஒரு பாலபாடம் உண்டு: தேதியும் பணமும் நகராது என்றால், வெட்டு விழுவது வேலையின் மீதுதான். சினிமாவில் அந்த வெட்டு திருத்தி எழுதும் அவகாசத்தின் மேல் விழுகிறது. 'முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி சொதப்பல்' என்று எத்தனை விமர்சனங்களில் படித்திருக்கிறோம்! அதை எழுத்தாளரின் திறமைக் குறைவாகவே நினைத்துப் பழகிவிட்டோம். பல படங்களில் அது வட்டியின் கையெழுத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம், பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. கோபித்துக்கொண்டு பிறந்தகம் போன மனைவியை அழைத்துவர, குடிகாரக் கணவன் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பும் வழியெல்லாம் வெயில், கட்டாந்தரை, நடை. முக்கால்வாசி படம் நடைதான். பாட்டு இல்லை, சண்டைக்காட்சி இல்லை. ஏரியா விற்பனைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட இல்லை. 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்ற இந்தப் படம், 2023 அக்டோபரில்தான் ஓடிடியில் எல்லோருக்கும் கிடைத்தது. இடையே 32 மாதங்கள். மூணு வட்டிக்குக் கடன் வாங்கி எடுத்திருந்தால், விருது வாங்கிய பிறகு மட்டும் நூற்றுக்கு 96 ரூபாய் வட்டி. அசலுக்கு நிகராக இன்னொரு அசல். நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தங்கள் நிறுவனத்தின் மூலம் இதைத் தயாரித்தார்கள். அந்தச் சிறுவனின் நடையை அவசரப்படுத்தாமல் கேமரா தொடர்கிறதே, அந்தப் பொறுமையில் காத்திருக்கக்கூடிய பணத்துக்கும் பங்கு உண்டு.

பணம் திரட்டிய முறையே படத்தின் வடிவமாகிவிட்ட அதிசயமும் நடந்திருக்கிறது. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1980களின் நடுவில் கேரளத்தில் நண்பர்களோடு ஒடெஸ்ஸா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்கள். இறந்துபோன ஓர் இளைஞனின் சாவை அவன் தாயிடம் சொல்ல ஒருவன் வயநாட்டிலிருந்து கொச்சி நோக்கிப் போகிறான். வழியில் ஒவ்வோர் ஊரிலும் இறந்தவனின் நண்பர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவனாகக் கிளம்பியவன் கூட்டமாகப் போய்ச் சேர்கிறான். துண்டேந்திய பயணமும் கதையின் பயணமும் ஒரே கோட்டில் போகின்றன. தனி முதலாளி ஒருவரின் பணத்தில் இந்தப் படம் இதே உருவத்தில் வந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1976இல், குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்து ஷியாம் பெனகலின் 'மந்தன்' உருவானது. தாங்கள் தயாரித்த படத்தைப் பார்க்க அவர்களே லாரிகளில் வந்து இறங்கினார்கள்.

மக்கள் பணம் நிபந்தனையற்றது என்று இதற்குப் பொருளில்லை. கூட்டுறவின் பணத்தில் எடுத்த 'மந்தன்' கூட்டுறவின் பக்கம்தான் நிற்கிறது. 'அம்ம அறியான்' வந்த மறு ஆண்டே ஜான் இறந்துபோக, ஒடெஸ்ஸாவிலிருந்து அதற்கு இணையான இன்னொரு கதைப்படம் வரவில்லை. ஒரு மனிதரின் மேல் இருந்த நம்பிக்கை ஏற்பாடாக நிலைப்பது கடினம். ஆனால் வட்டியின் நிபந்தனை வேகம். இந்தப் பணத்தின் நிபந்தனை நம்பிக்கைக்கு நியாயம் செய்வது. கலை இரண்டாவதோடு வாழ்ந்துவிட முடியும்.

புலம்பெயர்ந்தவர்களாகிய நாம் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறோம்? வியாபார மொழியில் நம் பெயர் எஃப்.எம்.எஸ். வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் என்பதன் சுருக்கம். டொராண்டோவிலும் லண்டனிலும் நாம் வாங்கப்போகும் டிக்கெட்டின் மேல் கணக்குப் போட்டு, பெரிய நடிகர் படத்தின் உரிமை முன்கூட்டியே விலைபோகிறது. கதை முடிவாகும் முன்பே நம் பணம் அங்கே போய்ச் சேர்ந்து, அந்தக் கதை எப்படி இருக்க வேண்டும் என்று பேசத் தொடங்கிவிடுகிறது. பிறகு அந்தப் படத்தை நாமே திட்டி எழுதுகிறோம்.

நம் கதைகளுக்கோ பெரும்பாலும் அடுத்தவர் பணம். ஷோபாசக்தி நடித்து 2015இல் கானில் தங்கப் பனை வென்ற 'தீபன்' பிரெஞ்சுத் தயாரிப்பு. அதன் இறுதியில் வரும் துப்பாக்கி வெறியாட்டம், ஈழத்தமிழரை முன்பின் அறியாத பார்வையாளருக்கு ஏற்கெனவே பழக்கமான படம் ஒன்றுக்குள் நம்மவனைக் கொண்டுபோய் வைக்கிறது. ஷ்யாம் செல்வதுரையின் நாவலை தீபா மேத்தா கனடியத் தயாரிப்பாகப் படமாக்கிய 'ஃபன்னி பாய்' 2020இல் வந்தபோது, அதில் பேசப்பட்ட தமிழைப் பற்றி நம்மவர்கள் எழுப்பிய கண்டனம் நினைவிருக்கும். கண்டனம் நியாயமானது. ஆனால் தமிழ் பிசகினால் பதறவேண்டிய கட்டாயம் அந்தப் பணத்துக்கு இல்லை. நம் பணத்துக்கு இருந்திருக்கும். லெனின் எம். சிவத்தின் '1999', 'எ கன் அண்ட் எ ரிங்' ஆகிய படங்களில் ஸ்கார்பரோவின் தமிழ் காதுக்கு உறுத்தாமல் ஒலிப்பதை இதோடு சேர்த்தே யோசிக்கிறேன்.

சிற்றிதழ் நடத்தும் வித்தை நமக்குத் தெரியும். சந்தா கட்டியவர் லாபம் கேட்பதில்லை. இதழ் ஏன் தாமதம் என்று மட்டும் கேட்பார். அதே மனத்தோடு, முதல் நாள் முதல் காட்சிக்குக் கொடுக்கும் தொகையை ஆண்டுக்கு ஒருமுறை ஓர் இளம் இயக்குநருக்கு, திரும்பிவரும் தேதி குறிக்காமல், ஆயிரம் பேர் கொடுத்தால் ஒரு சிறிய படத்தின் எழுத்துக்கும் படப்பிடிப்புக்கும் அவகாசம் கிடைக்கும். வரும் படம் மோசமாகவும் இருக்கலாம். அப்போது வட்டியின் மேல் பழி போட முடியாது. விமர்சனத்துக்கும் அது நல்லதுதான்.