ஆளை அனுப்பினால் மட்டும் போதுமா?

மனிதவளத் துறையினர் கூடும் இடமெல்லாம் இன்று ஒரே அறிவுரைதான். துண்டுதுண்டாகச் செய்யும் கிக் வேலையின் காலம் வந்துவிட்டது, ஆட்சேர்ப்பு நிறுவனங்கள் செயலிகளாக மாறினால்தான் பிழைக்கும் என்கிறார்கள். ஆட்களைத் தங்கள் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொள்வது பழைய முறையாம். விவரங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு, கேட்ட நேரத்துக்குக் கேட்ட மணிக்கணக்கில் ஆள் அனுப்புவதே எதிர்காலமாம். இந்த யோசனை அடிப்படையிலேயே தவறு.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2020-21இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர்கள் 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை கணித்தது. தீபாவளி நேரத்தில் கிடங்குக்கு ஆள் வேண்டும். மாலையில் மட்டும் உழைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்ட நினைக்கும் மாணவருக்கு வேலை வேண்டும். இருவரையும் இணைக்கச் செயலியைவிட வேகமான வழி கிடையாது. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஆளைத் தேடித் தருவதை ஊர்த் தரகர்கூடச் செய்வார். ஆட்சேர்ப்பு ஏஜென்சிக்கு மதிப்பு வந்தது, முதலாளி என்ற இடத்தில் அது நின்றதால்தான். ஒரகடம் தொழிற்சாலைக்கு ஏஜென்சி வழியாகப் போகும் இளைஞருக்கு அந்த ஏஜென்சியின் பெயரில் பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. அட்டையும் கிடைக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் ஆலை நிர்வாகமே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் இதைக் கைவிடவில்லை. பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் ஏமாற்றிய ஏஜென்சிகள் உண்டு. ஆனாலும் ஏமாற்றியது யார் என்று தெரியும், வழக்குப் போட ஒரு பெயர் இருக்கும்.

கிக் முறையில் அந்தப் பெயரே இல்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே கிக் தொழிலாளியை வரையறுக்கிறது. அவருடைய நலநிதிக்குத் தளங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும். அதுவும் தொழிலாளர்களுக்குக் கொடுத்த தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கோ பி.எஃப்.க்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் என்று முதலாளி கட்டியாக வேண்டும். செயலியாக மாறச் சொல்லும் ஆர்வத்துக்குத் தொழில்நுட்பம் காரணம் என்று நான் நம்பவில்லை. இந்த ஏறக்குறைய 10 சதவீத இடைவெளிதான் காரணம். மழையில் வண்டி சறுக்கிக் கால் முறிந்தவர், ஐடி பிளாக் ஆகி வருமானம் நின்றவர், இவர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கு அந்த அறிவுரையாளர்கள் ஒருமுறையாவது பதில் சொல்லியிருக்கிறார்களா?

வேறு வழி இல்லை என்பதும் பொய். பெல்ஜியத்தில் 'ஸ்மார்ட்' என்ற கூட்டுறவு அமைப்பு, துண்டுதுண்டாக வேலை செய்யும் கலைஞர்களையும் தனித்தொழில் செய்பவர்களையும் தன் ஊழியர்களாகப் பதிந்துகொள்கிறது. வாடிக்கையாளரிடம் பணம் வசூலித்து, காப்பீடும் வரியும் கட்டி, சம்பளமாகக் கொடுக்கிறது. அதற்கு ஒரு சிறு கட்டணம். 2016இல் உணவு விநியோகத் தளங்களான டெலிவரூ, டேக் ஈட் ஈசி இரண்டோடும் அது ஒப்பந்தம் செய்து, ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச மணிநேர ஊதியத்தை உறுதிசெய்தது. அதே ஆண்டு ஜூலையில் டேக் ஈட் ஈசி திவாலானது. ஸ்மார்ட் வழியாக வேலை பார்த்தவர்களுக்குச் சேர வேண்டிய கூலியை ஸ்மார்ட்டே கொடுத்தது. தளம் கவிழ்ந்தும் தொழிலாளி கைவிடப்படவில்லை. கிக் காலத்துக்கு ஏற்ப ஓர் இடைநிலை அமைப்பு மாறுவதென்றால் எனக்கு இதுதான் உதாரணம்.

டெலிவரூ 2017இல் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்வோராக மாற்றும் வழிக்குப் போனது. முறை தோற்றதால் அல்ல, வாடிக்கையாளரான டெலிவரூ செலவைச் சுமக்க மறுத்ததால் வந்த முடிவு என்றே நினைக்கிறேன். நம் ஏஜென்சிகளும் இந்த இடத்தில்தான் வாடிக்கையாளரிடம் உறுதியாகப் பேச வேண்டியிருக்கும். மூன்று செயலிகளில் ஓடும் ஒருவருக்கு ஒரே பி.எஃப். கணக்கைப் பராமரிக்கத் தேவையான சம்பளப் பிரிவும் சட்டப் பிரிவும் பல ஆண்டு அனுபவமும் பெரிய ஏஜென்சிகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கலைத்துவிட்டுச் செயலி கட்டச் சொல்கிறார்கள்.