திரையில் ஒரு முகம்

கணினித் திரையில் தீட்டிய முகத்துக்கு உயிர் தருவது பழைய எண்ணெய் வண்ண முறைதான். டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த 'முத்துத் தோடணிந்த பெண்' ஓவியத்தில், பழுப்பிலும் கறுப்பிலும் ஒளி நிழலை அடியில் வகுத்துவிட்டே மேலே வண்ணம் ஏற்றினார். இன்றும் கைதேர்ந்த கணினி ஓவியர் பலர் முதல் அடுக்கில் (லேயரில்) சாம்பல் நிறத்தால் முகத்தைக் கட்டி, அதன்மேல் மெல்லிய நிறங்களைப் படரவிடுகிறார்கள். கன்னச் சிவப்பு தோலுக்குள்ளிருந்து கசிவதாகத் தோன்றுவது அதனால்தான், எத்தனை அழகு அது! செய்ததை ஒரு நொடியில் மீட்கும் 'அன்டூ' பொத்தான் இருக்கையில் திறமை எதற்கு என்பார்கள் சிலர். மெதுவாகக் காயும் எண்ணெய் வண்ணமும் துடைத்துத் திருத்த இடம் கொடுத்ததுதானே? பிழையைக் காணும் கண்ணை எந்தப் பொத்தானும் தராது. எல்லா விளிம்பையும் ஒரேயடியாகத் தேய்த்து மழுப்பினால் முகம் மெழுகாகிவிடும். தாடையோரத்தை நிழலில் கரையவிட்டு, இமையோரத்தைக் கூர்மையாக நிறுத்தும் முடிவு ஓவியருடையது.