ஆளில்லா நிலத்தில் பெய்யும் மழை

இயற்கையைப் பற்றிய கிறிஸ்தவ எழுத்துகளில் பெரும்பகுதி இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. இவ்வளவு ஒழுங்கான உலகத்தை ஒருவர் படைத்துத்தானே இருக்க வேண்டும் என்ற வாதம் 1802இல் வில்லியம் பேலியின் ‘இயற்கை இறையியல்’ நூலில் உச்சத்தை அடைந்தது. டார்வினுக்குப் பிறகு அதன் பிடி தளர்ந்தது. அந்த வாதத்துக்கு வெளியே, துக்கத்தில் இருந்தவர்கள் வானத்தையும் பறவையையும் பார்த்து ஆறுதல் அடைந்த எழுத்து ஒன்று தொன்றுதொட்டு வருகிறது. அதை எழுதியவர்களில் நோயாளிகளும் மனம் உடைந்தவர்களும் எத்தனை பேர் என்பது போதிய அளவு பேசப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

இதன் ஊற்றுக்கண் யோபுவின் புத்தகம். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் பறிகொடுத்தவன் ‘ஏன்’ என்று கேட்கிறான். 38ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றின் நடுவிலிருந்து பேசத் தொடங்கும் கடவுள் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. வரையாடு குட்டி ஈனும் காலம், பசியில் கத்தும் காக்கைக் குஞ்சு, முட்டையை மண்ணில் விட்டுவிட்டு ஓடும் தீக்கோழி என்று காட்டிக்கொண்டே போகிறார். மனித நடமாட்டமே இல்லாத பாழ்நிலத்தில் பெய்யும் மழையும் அதில் வருகிறது. அந்த மழையால் யாருக்கும் விளைச்சல் இல்லை. புல் மட்டும் முளைக்கிறது. சாம்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் இதையா சொல்வது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வேதாகமத்தில் இதைவிடப் பெரிய ஆறுதலை நான் கண்டதில்லை. யார் கண்ணிலும் படாத புல்லுக்கு மழை அனுப்புகிறவர் யோபுவையும் மறந்திருக்க மாட்டார்.

இடைக்காலத்துத் திருச்சபைக்கு இயற்கையின் அழகு மீது ஒரு சந்தேகம் இருந்துவந்தது. மலையையும் கடலையும் வியக்கிறவர்கள் தங்கள் ஆன்மாவைப் பார்க்க மறக்கிறார்கள் என்று அகுஸ்தீன் எழுதினார். 1336இல் வான்டூ மலையின் உச்சியில் நின்று அந்த வரிகளைப் படித்த பெட்ரார்க், தன் மீதே கோபம் கொண்டார்.

அசிசியின் பிரான்சிஸ் இந்தச் சந்தேகத்தைக் கடந்து போனவர். 1225இல் அவர் சான் தமியானோவில் படுத்திருந்தார். கண்நோய் முற்றி வெளிச்சமே தாங்காத நிலை. இரவில் எலிகள் மேலே ஓடின. அங்கே பிறந்ததுதான் சூரியனைச் சகோதரன் என்று அழைக்கும் துதிப்பாடல். கண்ணை நோகச் செய்யும் அதே வெளிச்சத்தைத்தான் அவர் புகழ்கிறார். நெருப்பையும் சகோதரன் என்றார். கண்ணுக்குச் சிகிச்சையாக நெற்றிப்பொட்டில் சூடு வைக்கக் காய்ச்சிய இரும்பைக் கொண்டுவந்தபோது, தன்னிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படி அந்த நெருப்பிடமே கேட்டுக்கொண்டதாக அவர் வரலாற்றை எழுதிய பழையவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பின்னணி தெரியாமல் அந்தப் பாட்டைப் பாடினால் அது வெறும் தோட்டத்து இனிமையாகிவிடும்.

தமிழில் வீரமாமுனிவரின் தேம்பாவணி யூதேயா நாட்டைத் தமிழ்நாட்டு வயலும் ஆறுமாக வருணிக்கிறது. அழகான பகுதி. ஆனால் காப்பிய மரபு கேட்கும் நாட்டு வளமே அங்கு மேலோங்கி நிற்கிறது. புண்பட்ட மனத்தின் பார்வை அதில் குறைவு.

ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் அந்தப் பார்வையை நவீனக் கவிதைக்குக் கொண்டுவந்தார். சேசு சபையில் சேர்ந்தபோது தன் கவிதைகளை எரித்தவர், 1877இல் வடக்கு வேல்ஸில் குருத்துவப் படிப்பின்போது மீன் மேலுள்ள புள்ளிகளையும் உழுத நிலத்தின் திட்டுகளையும் கொண்டு கடவுளைப் போற்றினார். பொதுவான ‘அழகு’ அவருக்குப் போதவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் மட்டுமே உரிய வடிவம் வேண்டியிருந்தது. பிறகு டப்ளின் வந்தது. குவியும் தேர்வுத்தாள்கள், உடல்சோர்வு, தனிமை. 1885 வாக்கில் எழுதிய இருண்ட சானெட்டுகளில் பறவையும் மரமும் அவரைத் தேற்றவில்லை. அதை மறைக்காமல் எழுதியதாலேயே அவருடைய முந்தைய மகிழ்ச்சியை நம்ப முடிகிறது.

டோனாவூரில் வாழ்ந்த எமி கார்மைக்கேலை நம் வாசகர்கள் கோயில்களிலிருந்து குழந்தைகளை மீட்டவராகவே அறிவார்கள். 1931இல் குழியில் விழுந்து அடிபட்ட பின், 1951இல் இறக்கும்வரை அவர் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். நோயாளிகளுக்காக நலமாயிருப்பவர்கள் எழுதிய புத்தகங்கள் மனத்தில் ஒட்டவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூலையே எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டில் நடந்து பழகிய கால்கள் கட்டிலில் கிடந்த நாட்களின் எழுத்து அது. தலைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்த அவருடைய கல்லறையில், பிள்ளைகள் பறவைகளுக்கான நீர்த்தொட்டி ஒன்றை வைத்து ‘அம்மா’ என்று பொறித்தார்கள்.

இயற்கையே கொல்லும்போது இந்த ஆறுதல் என்ன ஆகும்? திருச்சபையில் சேராமல் அதன் வாசலிலேயே நின்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் சீமோன் வேய், கப்பல்களை மூழ்கடிக்கிறது என்று தெரிவதால் கடலின் அழகு குறைவதில்லை என்று இரண்டாம் உலகப்போரின் நடுவே எழுதினார். கடல் தன் விதிக்குக் கீழ்ப்படிவதே அதன் அழகு என்பது அவர் எண்ணம். அதை வேளாங்கண்ணியை நினைக்காமல் என்னால் படிக்க முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் அந்தக் கரையில் சுனாமியால் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பிள்ளையை அங்கே இழந்த ஒரு தாய்க்கு வேயின் வாதத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவள் அந்தக் கடலை மறுபடி எப்படிப் பார்த்தாள், பார்க்க முடிந்ததா என்பதை யோபுவின் ஆசிரியருக்கு இருந்த நேர்மையோடு சொல்லும் தமிழ்க் கிறிஸ்தவப் படைப்பு ஒன்றுக்காகக் காத்திருக்கிறேன்.